டிவிடி நகல் கணினியில் ஓடுகிறது, டிவி பிளேயரில் ஓடவில்லை. ஏன்?

குடும்ப விழா டிவிடியில் இருந்த கோப்புகளை ஒரு ஃபோல்டரில் இழுத்துப் போட்டு, அங்கிருந்து ஒரு வெற்று டிவிடிக்கு இழுத்துப் போட்டதாகச் சொல்கிறீர்கள். டிஸ்க்கும் பிளேயரும் நன்றாகத்தான் இருக்கும். எழுதிய முறையில்தான் சிக்கல்.

வெற்று டிஸ்க்கை உள்ளே வைத்ததும் விண்டோஸ் ஒரு கேள்வி கேட்டிருக்கும்: இதை யுஎஸ்பி டிரைவ் போலப் பயன்படுத்தவா, சிடி, டிவிடி பிளேயரில் போடும்படி எழுதவா என்று. பலரும் முதலாவதைத் தேர்ந்துவிடுகிறார்கள். அப்படி எழுதிய டிஸ்க்கைக் கணினி படிக்கும், டிவி பிளேயர்கள் பெரும்பாலும் படிக்காது. சரி, இரண்டாவதைத் தேர்ந்தால் போதுமா என்றால், அதுவும் நிச்சயமில்லை. வீடியோ டிவிடிக்குள் இருக்கும் வீடியோ_டிஎஸ் ஃபோல்டரைத் திறந்து பாருங்கள். விஓபி என்று முடியும் பெரிய கோப்புகளில் படமும் ஒலியும் இருக்கின்றன; ஒவ்வொன்றும் 1 ஜிபிக்குள் அடங்கும். ஐஎஃப்ஓ என்று முடியும் சிறிய கோப்புகள், எந்தக் காட்சி எந்த இடத்தில் தொடங்குகிறது என்று பிளேயருக்குச் சொல்கின்றன. ஆகவே கோப்புகள் எல்லாம் இருந்தால் மட்டும் போதாது, டிஸ்க்கில் உரிய வரிசையில், உரிய இடத்தில் அமர்ந்திருக்க வேண்டும். இழுத்துப் போடும்போது அந்த ஒழுங்கு குலைந்துவிடலாம்.

அதனால் கோப்புகளைத் தொடவே வேண்டாம். முழு டிஸ்க்கையும் அப்படியே ஒரே ஐஎஸ்ஓ கோப்பாக எடுங்கள். விண்டோஸில் இம்ஜ்பர்ன், லினக்ஸில் கே3பி, இரண்டும் இலவச மென்பொருள்கள். பிறகு அந்த ஐஎஸ்ஓவை வெற்று டிஸ்க்கில் எழுதுங்கள்.

வெற்று டிஸ்க் வாங்குமுன் ஐஎஸ்ஓவின் அளவைப் பாருங்கள். உறையில் 4.7 ஜிபி என்று போட்டிருந்தாலும் விண்டோஸ் கணக்கில் அது சுமார் 4.38 ஜிபிதான். இடம் குறையவில்லை, எண்ணும் முறை வேறு. உங்கள் கோப்பு அதைவிடப் பெரியது என்றால் உங்கள் அசல் டிவிடி இரண்டு அடுக்கு டிஸ்க், அதற்கு 8.5 ஜிபி டிஸ்க்தான் வேண்டும்.

இனி சொல்லப்போவதை தயவுசெய்து கவனமாகப் படியுங்கள். எங்கள் வீட்டு விழாப் பதிவை நான் ஒரே பெட்டியில் இருந்த மூன்று டிஸ்க்குகளில், ரைட்டரால் முடிந்த உச்ச வேகத்தில் எழுதினேன். எழுதியது சரியாகப் பதிந்ததா என்று சரிபார்க்கும் ‘வெரிஃபை’யைச் செய்யவில்லை. மூன்று நகல் இருக்கிறதே என்று ஹார்டு டிஸ்க்கில் இருந்ததை அழித்துவிட்டேன். சில வருடம் கழித்துப் போட்டுப் பார்த்தால், கடைசிப் பத்து நிமிடம் மூன்றிலுமே உறைந்து நின்றது. பாட்டி பேசியது அந்தப் பத்து நிமிடத்தில்தான். இப்போது அவர் இல்லை.

எழுதும் டிஸ்க்கில் இருப்பது ஒரு சாய அடுக்கு. லேசர் அதைச் சுட்டுத்தான் தகவலைப் பதிகிறது. வெயிலிலும் வெப்பத்திலும் அந்தச் சாயம் மெல்ல மாறும். எழுதுவது நடுவில் தொடங்கி வெளி விளிம்பை நோக்கிப் போகிறது. விளிம்பில்தான் பிழைகள் முதலில் தலைகாட்டுவது வழக்கம். என் டிஸ்க்குகளில் கடைசிப் பகுதி போனது அதனால்தான் என்று நினைக்கிறேன். பாட்டியின் பேச்சை டிடிரெஸ்க்யூ என்ற மென்பொருளால் மீட்டேன். ஒரு டிரைவ் படிக்காத இடத்தை இன்னொரு டிரைவ் படிக்கும் என்பதால், இரண்டு டிரைவ்களில் மாற்றி மாற்றி ஓடவிட்டேன். சில நொடிகள் தவிர எல்லாம் கிடைத்தது. அந்தச் சில நொடிகள் இன்றும் உறுத்துகின்றன.

அதனால்தான் 16 மடங்கு (16x) வேக டிஸ்க்கை நான் 8 மடங்கில் (8x) எழுதுகிறேன். எட்டு, பத்து நிமிடத்தில் முடிந்துவிடும். வேகத்தை அதற்கும் கீழே இறக்கினால் இன்னும் நன்றாக வரும் என்பது உண்மையில்லை, அதிவேக டிஸ்க்கின் சாயம் வேகத்துக்கு ஏற்பச் செய்யப்பட்டது. ‘வெரிஃபை’யை எப்போதும் டிக் செய்யுங்கள், நேரம் இரட்டிப்பாகும், ஆகட்டும். இரண்டாவது நகலை வேறு பெட்டி, வேறு தயாரிப்பு டிஸ்க்கில் எழுதுங்கள். மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள், சுழலும்போது சமநிலை கெடும். ஐஎஸ்ஓவை மட்டும் அழிக்கவே வேண்டாம். டிஸ்க் போனாலும் அது இருந்தால் பத்து நிமிடத்தில் இன்னொன்று எழுதிவிடலாம்.

இதெல்லாம் உங்கள் சொந்தப் பதிவுகளுக்கு. கடையில் விற்கும் திரைப்பட டிவிடிகளில் பெரும்பாலும் பூட்டு இருக்கும், இம்ஜ்பர்ன் அவற்றை நகலெடுக்காது.

இப்போதைக்கு ஒரே ஒரு டிஸ்க் எழுதி, டிவி பிளேயரில் கடைசிக் காட்சிக்குத் தாவிப் பாருங்கள். அது தடங்கலின்றி ஓடினால் உறவினர்களுக்கான மற்ற நகல்களை எழுதுங்கள்.