வோரினோஸ்டாட்டுக்குப் பதில் வலிப்பு மாத்திரையா?

கேள்வி: அப்பாவுக்குத் தோலில் டி-செல் லிம்போமா என்ற வெள்ளணுப் புற்றுநோய். அதற்கு வோரினோஸ்டாட் என்ற மருந்தை எழுதியிருக்கிறார்கள், விலை கட்டுப்படியாகவில்லை. வலிப்புக்குத் தரும் வால்ப்ரோயேட்டும் அசிட்டைலேஷனைத்தான் மாற்றுகிறது, மலிவு என்கிறார் மருந்து வாங்கித் தரும் ஒருவர். முதலில் 'அசிட்டைலேஷன் டெஸ்ட்' எடுக்கவும் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம்.

டிஎன்ஏ நூல் ஹிஸ்டோன் என்ற புரத உருண்டைகளைச் சுற்றிக் கிடக்கிறது. டிஎன்ஏவுக்கு எதிர்மின்னேற்றம், ஹிஸ்டோன் வாலிலுள்ள லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு நேர்மின்னேற்றம். அதனால் இறுகிப் பிடித்துக்கொள்கின்றன. லைசின் மேல் அசிட்டைல் துணுக்கு ஏறினால் (இதுதான் அசிட்டைலேஷன்) பிடி தளர்ந்து, அந்த இடத்து ஜீன் வேலை செய்யும். துணுக்கைக் கழற்றும் நொதி எச்டிஏசி. செல் பெருகாமல் தடுக்கும் பி21 ஜீன் மீது அது கைவைத்தால் பிரேக் பிடிக்காது. வோரினோஸ்டாட் அந்த நொதியை முடக்கி பி21-ஐ எழுப்பும். பி53 போன்ற காவல் புரதங்களும் அசிட்டைல் ஏறினால் கூடுதல் நேரம் நிலைக்கும்.

வால்ப்ரோயேட்டும் இதே நொதியைத் தொடும், உண்மைதான். ஆனால் ஆய்வகத்தில் அதற்குத் தேவைப்படும் செறிவு வோரினோஸ்டாட்டைப் போல ஏறக்குறைய ஆயிரம் மடங்கு. அந்த அளவுக்கு மாத்திரையைக் கூட்டினால் மயக்கமும், ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களின் குறைவும்தான் முதலில் வரும். வோரினோஸ்டாட் 2006-இல் அமெரிக்காவில் இந்த நோய்க்கே அனுமதி பெற்றது. அதற்கும் 10 பேரில் சுமார் 3 பேருக்கே பலன் தெரிந்தது.

அந்த டெஸ்ட் வெறும் பணப்பறிப்பு. ரத்தத்தில் அசிட்டைலேஷன் பார்த்து யாருக்கு மருந்து கேட்கும் என்று சொல்லும் பரிசோதனை சிகிச்சை நடைமுறையில் கிடையாது. செல்லைப் பெருக்கும் ஜீன்களையும் இதே துணுக்குதான் திறந்துவிடுகிறது. 'அசிட்டைலேஷன் கூடுதலாக இருந்தால் நல்லது' என்ற கணக்கே தப்பு. அடுத்து, இதுவும் அசிட்டைலேஷனை மாற்றும் என்று ப்ரோக்கோலி பவுடரோடு வருவார்கள். புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது; தட்டிக் கேட்கத்தான் ஆளில்லை.

பில் இல்லாமல் மருந்து வாங்காதீர்கள். தொகுதி எண்ணும் காலாவதித் தேதியும் இருக்கும் ஓரத்தை வெட்டி அட்டையைக் கொடுத்தால் அங்கேயே திருப்பிக் கொடுங்கள். விலைதான் தடை என்றால் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்தோ ஒளிச் சிகிச்சையோ பொருந்துமா என்று டாக்டரிடமே கேளுங்கள். இதைச் சொல்ல வெளிநோயாளிப் பிரிவில் ஐந்து நிமிடம் ஒதுக்காததால்தான் குடும்பங்கள் தரகரிடம் போய் நிற்கின்றன.

வோரினோஸ்டாட்டே தொடங்கினால், வழக்கமான அளவு தினம் 400 மி.கி., அதாவது 100 மி.கி. கேப்ஸ்யூல் நான்கு, ஒரே வேளையில், சாப்பாட்டோடு. பிரித்துக் கொட்டக் கூடாது. தினம் 2 லிட்டர் தண்ணீராவது குடிக்க வேண்டும். முதல் இரண்டு மாதம் 2 வாரத்துக்கு ஒருமுறை ரத்த அணுக்கள், பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரகத்தைக் காட்டும் கிரியேட்டினின் எல்லாம் பார்க்க வேண்டும். ஒரு கால் மட்டும் வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ ரத்தக் கட்டியாக இருக்கலாம்.

அப்பாவுக்கு ஏற்கெனவே வலிப்பு இருந்து வால்ப்ரோயேட் சாப்பிட்டு வந்தால் கதை வேறு. நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு தொடர்ந்து வரலாம். அதே சமயம், இரண்டையும் சேர்த்து எடுத்தவர்களுக்குத் தட்டணு கடுமையாகக் குறைந்து குடலில் ரத்தம் கசிந்ததும் பதிவாகியிருக்கிறது. வோரினோஸ்டாட்டின் முதல் கேப்ஸ்யூலுக்கு முன்பே வலிப்பு மருந்துச் சீட்டைப் புற்றுநோய் டாக்டரிடம் காட்டுங்கள்; மருந்தை மாற்றுவதா என்பதை நரம்பியல் டாக்டரோடு பேசி அவரே முடிவு செய்யட்டும். மலம் தார் போலக் கறுத்தாலோ பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் நிற்காமல் வந்தாலோ அன்றைக்கே தட்டணு எண்ணிக்கை பார்த்தாக வேண்டும்.