வாசகர் கேள்வி – பதில்: லைன்பேக்கரின் ஆட்டத்தைப் பதிவில் பார்த்து எடைபோடுவது எப்படி?

கேள்வி: என் தங்கை மகன் அமெரிக்காவில் உயர்நிலைப்பள்ளியில் படிக்கிறான். பள்ளியின் அமெரிக்கக் காற்பந்து அணியில் லைன்பேக்கராக ஆடுகிறான். தன் ஆட்டங்களின் முழுப் பதிவுகளையும் அனுப்பி, “மாமா, என் பலம் எது, பலவீனம் எது என்று பார்த்துச் சொல்லுங்கள்” என்று கேட்கிறான். பள்ளி நாள்களில் நான் ரக்பி ஆடியவன்; இந்த ஆட்டத்தின் விதிகளும் ஓரளவு தெரியும். ஆயினும், அவன் எத்தனை டேக்கிள் செய்தான், அதாவது பந்துடன் ஓடுபவரை எத்தனை முறை பிடித்து வீழ்த்தினான் என்று எண்ணுவதைத் தவிர வேறு எதைப் பார்ப்பது என்று புரியவில்லை.
– வாசகர், செந்தூல், கோலாலம்பூர்

பதில்: டேக்கிள் எண்ணிக்கையை முதலில் ஒதுக்கி வையுங்கள். ஓர் ஆட்டத்தில் இருவர் ஆளுக்குப் பத்து டேக்கிள் செய்திருக்கலாம். ஒருவர் பந்துடன் ஓடுபவரை இரண்டு யார்டுக்குள் மடக்கியிருப்பார். மற்றவர் ஏழு யார்டு போக விட்டுப் பின்னாலிருந்து பிடித்திருப்பார். ஏட்டில் இருவருக்கும் ஒரே எண்தான் இருக்கும். ஆனால் இரண்டாமவர் ஒவ்வொரு முறையும் ஒரு நொடி தாமதமாகப் புறப்பட்டார் என்பதைப் பதிவு மட்டுமே காட்டும். டேக்கிள் ஒரு முடிவு. அந்த முடிவை உண்டாக்கிய காலடிகளைப் பார்ப்பதுதான் உங்கள் வேலை.

லைன்பேக்கர் தற்காப்பு முன்வரிசைக்குப் பின்னால் ஏறக்குறைய நான்கைந்து யார்டு தள்ளி நிற்பவர். எதிரணி பந்தைக் கையில் ஏந்தி ஓடினால் முன்னேறிச் சென்று முன்வரிசையினருக்கு இடையே உள்ள இடைவெளியை அடைக்க வேண்டும். பந்தை வீசினால் பின்வாங்கித் தனக்குரிய பரப்பையோ ஆளையோ காக்க வேண்டும். இவ்விரண்டும் எதிரெதிர்த் திசைகள். எந்தப் பக்கம் போவது என்று தீர்மானிக்க அவருக்குக் கிடைப்பது கண்ணிமைக்கும் நேரம்தான் என்பதால், அவருடைய தரத்தில் பெரும்பகுதி முதல் அடியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒவ்வோர் ஆட்ட நகர்வையும் மூன்று முறை ஓட்டிப் பாருங்கள். முதல் முறை என்ன நடந்தது என்று தெரிந்துகொள்வதற்காக மட்டும். இரண்டாம் முறை பந்தை மறந்துவிட்டு உங்கள் மருமகனை மட்டும் பாருங்கள். பந்து அசைவதற்கு முன்பிருந்தே தொடங்குங்கள். எங்கே நிற்கிறான், சகவீரர்களிடம் ஏதாவது சொல்கிறானா, எதிரணி ஆள்களை மாற்றி நிறுத்தும்போது அவனும் இடம் மாறுகிறானா என்பனவெல்லாம் கணக்கில் வரும். மூன்றாம் முறை அவனுக்கு எதிரே நிற்கும் கார்டு எனப்படும் முன்வரிசை வீரர்களைப் பாருங்கள். இதைத்தான் பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். கார்டின் தலைக்கவசம் மேலே எழுந்து அவர் பின்வாங்கினால் பெரும்பாலும் பந்து வீசப்படும். தலை தாழ்ந்து முன்னே பாய்ந்தால் ஓட்டம். வரிசையை விட்டு விலகிப் பக்கவாட்டில் ஓடினால் பந்தும் அந்தப் பக்கமே வரக்கூடும். எதிரணியின் கார்டு என்ன சைகை காட்டினார், அதற்கு உங்கள் மருமகனின் முதல் அடி பொருந்தியதா என்று ஒப்பிட்டால்தான் அவன் ஆட்டத்தைப் படிக்கிறானா, பந்தைத் துரத்துகிறானா என்பது விளங்கும். பூப்பந்தில் ஸ்மாஷை மட்டும் பார்த்துக் கைதட்டுபவருக்கும், அந்த ஸ்மாஷுக்கு முன் ஆட்டக்காரர் எப்படிக் காலெடுத்து வைத்தார் என்று பார்ப்பவருக்கும் உள்ள வேறுபாடுதான் இங்கும்.

அடுத்தது, தடுக்க வருபவரை அவன் எப்படிச் சமாளிக்கிறான் என்பது. ரக்பியில் பந்து வைத்திராதவரை மறித்துத் தள்ளுவது குற்றம். ஆகையால் உங்களுக்குப் பழக்கமில்லாத பகுதி இதுவே. இந்த ஆட்டத்தில் அவனைவிட மிகப் பருத்த ஒருவர் அவனை மறிப்பதற்கென்றே ஓடி வருவார். அப்போது கைகளைக் கவனியுங்கள். முந்திக்கொண்டு கைகளை எதிராளியின் மார்பில் ஊன்றி, அவரைக் கைநீளத் தொலைவில் நிறுத்தி, பந்து போகும் பக்கத்தைப் பார்த்து உதறிவிட்டுச் செல்பவன் தேர்ந்தவன். தோளைக் கொடுத்து மோதி அங்கேயே சிக்கிக்கொள்பவனுக்குக் கைப்பயிற்சி வேண்டும். மோதலைத் தவிர்க்க மறிப்பவரைச் சுற்றிக்கொண்டு ஓடுபவன் மூன்றாம் வகை. அவன் சில நேரம் அழகான டேக்கிளும் செய்துவிடுவான், பார்வையாளர்களும் ஆரவாரம் செய்வார்கள். ஆனால் அவன் அடைக்க வேண்டிய இடைவெளி அந்நேரம் திறந்து கிடந்திருக்கும். விளைவு நல்லதாக முடிந்தாலும் அதைப் பலவீனமென்றே குறித்துக்கொள்ளுங்கள். விளைவுக்கு ஒரு மதிப்பெண், செய்த முறைக்கு ஒரு மதிப்பெண் என இரண்டையும் பிரித்து எழுதும் பழக்கம் இல்லாதவருடைய மதிப்பீட்டை நான் நம்புவதில்லை.

டேக்கிளில் உங்கள் ரக்பி அறிவு நேரடியாகக் கைகொடுக்கும். தவறிய டேக்கிள்களை மொத்தமாக எண்ணாமல், ஒவ்வொன்றும் ஏன் தவறியது என்று பாருங்கள். ஓடுபவரைத் தாண்டி ஓடிவிட்டான் என்றால் குறை அணுகிய கோணத்தில் இருக்கிறது. எட்டிப் பிடிக்கும் தூரத்திற்கு வந்ததும் கால்கள் நின்றுவிட்டன என்றால் குறை காலில். தலையைக் குனிந்துகொண்டு பாய்ந்திருந்தால், அந்த டேக்கிள் வெற்றி பெற்றிருந்தாலுமே, மற்ற குறிப்புகளுக்குக் காத்திராமல் அன்றே அவனை அழைத்துப் பேசுங்கள். தலை தாழ்ந்த நிலையில் மோதுவது கழுத்தெலும்பையும் தண்டுவடத்தையும் காயப்படுத்தக்கூடியது. பயிற்றுநரிடமும் அவன் சொல்லித் திருத்திக்கொள்ள வேண்டும்.

பந்து வீசப்படும் நகர்வுகளில் மூன்றைக் கவனித்தால் போதும். பந்தை வீசுபவரான குவார்ட்டர்பேக் ஓட்டத்திற்குப் பந்தைக் கொடுப்பதுபோல் பாவனை காட்டிவிட்டு வீசும் பிளே-ஆக்‌ஷனில் அவன் எத்தனை அடி ஏமாந்து முன்னே போகிறான், எவ்வளவு விரைவில் மீள்கிறான். பின்வாங்கும்போது குவார்ட்டர்பேக்கை மட்டும் பார்த்துத் தன் முதுகுப்புறம் நுழைபவரை விட்டுவிடுகிறானா. பந்தை ஏந்தி ஓடும் ரன்னிங் பேக்கையோ, மறிக்கவும் வீச்சைப் பிடிக்கவும் செய்யும் டைட் எண்டையோ தனியாகக் காக்க வேண்டி வரும்போது இடுப்பைத் திருப்பி உடன் ஓட முடிகிறதா என்பவையே அவை. முன்பு ஓட்டத்தைத் தடுத்தாலே ஒரு லைன்பேக்கருக்குப் பெயர் கிடைத்தது. இன்று வீச்சு ஆட்டம் பெருகியதால் அமெரிக்கத் தொழில்முறைக் காற்பந்துக் கூட்டமைப்பான என்.எஃப்.எல். அணிகள் பெரும்பாலான நேரம் இரண்டு லைன்பேக்கர்களை மட்டும் நிறுத்தி, பின்வரிசைக் காவலர்களைக் கூட்டிக்கொள்கின்றன. பரப்பைக் காக்கத் தெரியாதவர் வெளியே உட்கார வேண்டியதுதான்.

இவ்வளவு பார்த்தபின்பும் தீர்ப்பு எழுதுமுன், அந்த நகர்வில் பயிற்றுநர் அவனுக்கு என்ன வேலை கொடுத்திருந்தார் என்று அவனிடமே கேளுங்கள். இடப்புற இடைவெளி அவனுடையது என்றால், வலப்புறம் பந்து போனபோது அவன் அங்கே இல்லாதது தவறாகாது. ஒருமுறை நேர்ந்த பிழையையும் பலவீனம் என்று எழுதாதீர்கள். வெவ்வேறு எதிரணிகளுக்கு எதிராக, வெவ்வேறு ஆட்டங்களில், ஒரே பிழை திரும்ப வந்தால் அதுவே பலவீனம். ஆகையால் அணி தோற்ற ஆட்டமொன்றும், வலுவான அணியுடன் மோதிய ஆட்டமொன்றும் நீங்கள் பார்க்கும் பதிவுகளில் கட்டாயம் இருக்க வேண்டும். சிறந்த காட்சிகளை மட்டும் தொகுத்த காணொளி வேறு பயனுக்கு உதவலாம், மதிப்பீட்டுக்கு உதவாது.

கேள்வி: நான் என்.எஃப்.எல். ஆட்டங்களைத் தவறாமல் பார்ப்பவன். நாற்பது யார்டு ஓட்டத்தில் எவர் வேகமோ அவரே சிறந்த லைன்பேக்கராக வருவார் என்பது என் நண்பரின் வாதம். வெறும் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பார்த்தே இதைத் தீர்மானிக்க முடியுமா?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: ஓரளவுதான் முடியும். அமெரிக்காவில் ஞாயிறு பிற்பகல் தொடங்கும் ஆட்டம் நமக்குத் திங்கள் பின்னிரவு ஒரு மணிக்கோ இரண்டு மணிக்கோ வருகிறது. விழித்திருந்து பார்ப்பவருக்கும் ஒளிபரப்பு காட்டுவது பந்து போகும் வழியை மட்டுமே. பந்து வீசப்பட்டதும் லைன்பேக்கர் பெரும்பாலும் திரையை விட்டு மறைந்துவிடுவார். ஆகவே ஒளிபரப்பை வைத்து அவருடைய டேக்கிளையும், மறிப்பவரை அவர் எதிர்கொள்ளும் விதத்தையும் பேசலாம். பரப்பைக் காப்பதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது. அதற்கு ஆல்-22 எனப்படும் பதிவு வேண்டும். உயரத்தில் வைத்த கேமராவினால் இரு அணிகளின் இருபத்திரண்டு பேரும் ஒரே சட்டகத்தில் வருமாறு எடுக்கப்படுவது அது. அணிகளிடம் மட்டுமே இருந்த அந்தப் பதிவுகளை 2012 முதல் சந்தா கட்டும் பொதுமக்களும் பார்க்க முடிகிறது. மைதானத்தின் நீளவாட்டுப் பக்கத்திலிருந்து எடுத்த காட்சியில் அவர் எவ்வளவு ஆழம் பின்வாங்குகிறார் என்பது தெரியும். கோல் கம்பத்திற்குப் பின்னாலிருந்து எடுத்த காட்சியில் இடைவெளிகளும் கார்டுகளின் அசைவும் தெரியும். லைன்பேக்கரைப் படிக்க இரண்டாவதையே நான் முதலில் திறப்பேன்.

உங்கள் நண்பரின் வாதத்துக்கு ஸாக் தாமஸ் என்னும் லைன்பேக்கர் ஒருவரே போதுமான மறுப்பு. ஆறு அடிக்கும் குறைவான உயரமுடைய அவரை மயாமி டால்ஃபின்ஸ் அணி, புதிய வீரர்களை அணிகள் சுற்றுச் சுற்றாக எடுக்கும் 1996 தேர்வில் ஐந்தாம் சுற்றில்தான் எடுத்தது. 2023இல் அவர் சிறந்த வீரர்களுக்கான புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டார். உடலளவைகள் அவரைத் தாழ்த்தின, ஆட்டப் பதிவுகள் உயர்த்தின. கரோலினா பாந்தர்ஸின் லூக் கீக்லி 2012இல் ஒன்பதாவதாகத் தேர்வானவர், 2013இலேயே ஆண்டின் சிறந்த தற்காப்பு வீரர். வேகம் அவருக்கும் உண்டு. ஆனால் பதிவுகளை ஊன்றிப் படித்து, எதிரணி செய்யப்போவதை முன்கூட்டியே உரக்கச் சொல்லித் தன் அணியை நகர்த்தியதற்காகவே அவர் பேசப்பட்டார். 2008 முதல் தற்காப்பு அணியிலும் ஒருவருடைய தலைக்கவசத்தில் வானொலி அனுமதிக்கப்படுகிறது. பயிற்றுநரின் குரல், அடுத்த நகர்வைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 வினாடி இருக்கும்போது துண்டிக்கப்படும். பல அணிகளில் அந்தக் கவசத்தை அணிபவர் லைன்பேக்கர். எஞ்சிய வினாடிகளில் எதிரணி தன் அமைப்பை மாற்றினால் தீர்மானம் அவருடையது. அதை எந்த ஓட்டப் பந்தயமும் அளந்து காட்டாது.

சூழலையும் சேர்த்துப் பாருங்கள். 2000ஆம் ஆண்டுப் பருவத்தில் பால்டிமோர் ரேவன்ஸ் 16 ஆட்டங்களில் 165 புள்ளிகளை மட்டுமே விட்டுக்கொடுத்தது. அந்த அணியின் ரே லூயிஸ் மாபெரும் லைன்பேக்கர் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அவருக்கு முன்னால் சாம் ஆடம்ஸ், டோனி சிராகுசா என்னும் இரு பெரும் உடலினர் நின்று மறிப்பவர்களைத் தாங்கிக்கொண்டதால் அவர் தடையின்றிப் பாய முடிந்தது என்பதும் அதே பதிவுகளில் தெரியும் உண்மை. முன்வரிசை பலவீனமான அணியில் ஆடும் ஒருவரை அவருடன் எண்ணிக்கையால் ஒப்பிடுவது நியாயமாகாது.

கேள்வி: இடைநிலைப்பள்ளியில் புறப்பாட நடவடிக்கைக்குப் பொறுப்பாசிரியராக இருக்கிறேன். ஓடுபவரை வீழ்த்தாமல் அவர் இடுப்பில் தொங்கும் கொடியைப் பறித்து நிறுத்தும் கொடிப் பறிப்புக் காற்பந்தை மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க விரும்புகிறோம். இந்த முறையில் அவர்களையும் மதிப்பிடலாமா?
– ஆசிரியை, பட்டர்வொர்த், பினாங்கு

பதில்: தாராளமாகச் செய்யலாம். 2028 லாஸ் ஏஞ்சலிஸ் ஒலிம்பிக்கில் இடம்பெறவுள்ள ஐவர் ஆட்டத்தில் மறித்துத் தள்ளுவதும் டேக்கிளும் இல்லை என்பதால், மேலே கைகளைப் பற்றிச் சொன்னதை விட்டுவிடுங்கள். முதல் அடி, அணுகும் கோணம், இடுப்பைத் திருப்புதல், முதுகுப்புறம் நுழைபவரை உணர்தல் ஆகிய நான்கும் அப்படியே பொருந்தும். கொடியைப் பறிக்கத் தவறும் பிள்ளைகளில் பலர் ஓடுபவரின் தோளையும் கண்ணையும் பார்த்து ஏமாறுபவர்களே. இடுப்பைப் பார்க்கச் சொல்லுங்கள், இடுப்பு பொய் சொல்லாது. பதிவெடுக்க ஒரு கைப்பேசி போதும். இரண்டாம் மாடித் தாழ்வாரம் போன்ற உயரமான இடத்தில், முடிந்தால் கோல் பக்கமாக நின்று, பெரிதாக்காமல், பத்துப் பேரும் சட்டகத்துக்குள் இருக்குமாறு எடுங்கள். பந்து அசைவதற்குச் சில வினாடிகள் முன்பே பதிவைத் தொடங்கிவிடுங்கள். பிள்ளைகள் எங்கே, எப்படி நின்றார்கள் என்பது அதில் இல்லாவிட்டால் அவர்களுக்குக் காட்டித் திருத்துவதற்குப் பாதி விஷயம் இருக்காது.