பெரியப்பாவின் இசைத்தட்டுகளை வெயிலில் வைக்காதீர்கள்

கேள்வி: எங்கள் பெரியப்பா காலமான பிறகு அவருடைய தகரப் பெட்டி ஒன்று திருகோணமலை உவர்மலையில் உள்ள எங்கள் வீட்டுக்கு வந்தது. உள்ளே எண்பதுக்கும் மேற்பட்ட இசைத்தட்டுகள். பழைய தமிழ்ப் படப் பாடல்கள், ஆங்கிலப் படங்களின் இசை, ஜாஸ், சோல் ஆகிய அமெரிக்க இசைவகைகள் எல்லாம் கலந்து கிடக்கின்றன. பலவற்றில் வெள்ளையாகப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது, சில வளைந்துவிட்டன. கழுவி வெயிலில் காயவைத்து, சூட்கேஸ் வடிவில் விற்கும் மலிவான பிளேயர் ஒன்றை வாங்கிக் கேட்கலாம் என்று நினைக்கிறோம். இதற்கிடையில் கொழும்பிலிருந்து ஒருவர் எல்லாவற்றையும் மொத்தமாக விலை பேசுகிறார். கொடுக்கலாமா, ஐயா?

பதில்: வெயிலில் காயவைப்பது, அந்தப் பிளேயரை வாங்குவது, மொத்தமாக விற்பது ஆகிய மூன்றையும் இப்போதைக்கு நிறுத்திவையுங்கள். பழையது என்பதற்காக மட்டும் ஓர் இசைத்தட்டு விலைபோவதில்லை. அது எங்கே, எப்போது அச்சிடப்பட்டது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது என்பவைதான் அதன் மதிப்பைத் தீர்மானிக்கின்றன. அச்சிட்ட இடத்தையும் காலத்தையும் யாராலும் மாற்ற முடியாது. நிலை மட்டும் உங்கள் கையில் இருக்கிறது. பல பத்தாண்டுகள் தாங்கி வந்த தட்டுகள் பெரும்பாலும் கெடுவது, பெட்டியைத் திறந்த முதல் சில நாட்களில் ஆர்வமிகுதியால்தான்.

பூஞ்சணம் பிடித்த எதையும் முற்றத்தில் பரப்பிக் காயவைப்பது நம் வழக்கம். தலையணைக்கும் துணிக்கும் அது நல்ல மருந்து. எல்.பி. எனப்படும் நீண்ட நேரம் ஓடும் தட்டு வினைல் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது, சூட்டில் இளகிவிடும். கறுப்பு நிறம் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலையின் முற்றத்துச் சீமெந்தில் வெறுங்காலை வைக்க முடியாது. அங்கே வைத்த தட்டு சிறிது நேரத்திலேயே விளிம்பு தூக்கி வளைந்துவிடும். பூட்டிய காருக்குள் வைத்தாலும் இதே கதிதான். உங்கள் பெட்டியில் வளைந்திருப்பவை தகரக் கூரையின் கீழ் ஒன்றன்மேல் ஒன்றாகப் படுத்துக் கிடந்தவையாக இருக்கலாம். ஊசி துள்ளாமல் ஓடுமானால் இலேசான வளைவை அப்படியே விட்டுவிடுங்கள். கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே வைத்து அவணில் சூடாக்கும் வித்தையைச் சிலர் சொல்வார்கள். தட்டு நிமிர்ந்தாலும் நுண்ணிய ஒலிப்பள்ளங்கள் சிதைந்துபோகும். செய்யாதீர்கள்.

கழுவுவதற்கு முன் தட்டுகளை இனம் பிரிக்க வேண்டும். பத்து அங்குல அகலம், நல்ல கனம், விரலால் தட்டினால் பீங்கான் போன்ற ஓசை, லேபிளில் 78 (நிமிடத்துக்கு 78 சுற்று) என்ற எண்: இவை அரக்கோடு கல்தூள் கலந்து செய்த ஷெல்லாக் தட்டுகள். கை நழுவினால் உடைந்துவிடும். அரக்கு மதுசாரத்தில் கரையும் என்பதால், ஸ்பிரிட்டோ அது கலந்த எந்தத் திரவமோ இவற்றின்மீது படக் கூடாது. இணையத்தில் கிடைக்கும் கழுவும் குறிப்புகள் பெரும்பாலும் வினைலுக்கு எழுதப்பட்டவை. அவற்றை நம்பி 78 தட்டுகளைப் பாழாக்கியவர்கள் அதிகம். ஏழு அங்குலத்தில் நிமிடத்துக்கு 45 சுற்று ஓடுபவையும், பன்னிரண்டு அங்குலத்தில் 33⅓ சுற்று ஓடும் எல்.பி.களும் பொதுவாக வினைல். எல்.பி. 1948-இலும் 45 சுற்றுத் தட்டு 1949-இலும் அமெரிக்காவில் அறிமுகமாயின. ஆனால் இந்தியாவில் 78 தட்டுகள் 1960கள் முழுவதும் வந்துகொண்டிருந்ததால், 78 என்பதாலேயே ஒரு தட்டை மிகப் பழையது என்று எண்ண வேண்டாம்.

கழுவும்போது வாயையும் மூக்கையும் மறைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த பூஞ்சணத் தூள் நுரையீரலுக்குக் கேடு. முதலில் வெளியே, நிழலில் வைத்து மென்மையான தூரிகையால் தூசியைத் துடைத்துவிடுங்கள். கிணற்று நீரும் குழாய் நீரும் வேண்டாம். அவற்றில் கரைந்திருக்கும் உப்பும் சுண்ணாம்பும் காய்ந்த பின் பள்ளத்துக்குள் படிந்து, கழுவுவதற்கு முன் இருந்ததைவிட அதிகமாகக் கரகரக்கும். வடித்த நீர் வாங்குங்கள். மின்கலத்துக்கு ஊற்றுவதற்காக விற்கும் வடித்த நீரும் உதவும்; அது அமிலம் அல்ல என்பதைப் போத்தலில் படித்து உறுதி செய்துகொள்ளுங்கள். ஒரு லீற்றருக்குப் பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு மூன்று துளி போதும். மைக்ரோபைபர் துணியை நனைத்து, பள்ளங்கள் ஓடும் திசையிலேயே வட்டமாகத் துடையுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள். லேபிளில் நீர் பட்டால் சாயம் கரையும் என்பதால் அதை ஒரு பிளாஸ்டிக் மூடியால் மறைத்துக்கொள்வது நல்லது. பிறகு சுத்தமான வடித்த நீரால் மட்டும் இரண்டாம் முறை துடையுங்கள். சவர்க்காரம் மிஞ்சினால் அதுவும் ஊசியில் ஒட்டும். நிழலில், நிறுத்திவைத்த நிலையில் உலர விடுங்கள். உட்கடதாசி தட்டோடு ஒட்டிக்கொண்டிருந்தால் உரிக்க வேண்டாம். வினைலாக இருந்தால் வடித்த நீரால் ஈரப்படுத்தி, தானாக விடும்வரை பொறுத்திருங்கள்.

பூஞ்சணத்துக்கு வினைல் பெரிய உணவு அல்ல. அது தின்பது கடதாசி உறையை, பசையை, விரலின் எண்ணெய்ப் பசையை. ஆகவே கழுவிய தட்டைப் பழைய உட்கடதாசிக்குள் திரும்பப் போட்டால் அடுத்த மாரிக்குள் எல்லாம் மறுபடியும் வெளுத்துவிடும். புதிய பொலித்தீன் உட்பை போடுங்கள். பழைய பி.வி.சி. பிளாஸ்டிக் உறைகளை அகற்றுங்கள். அவற்றிலிருந்து கசியும் பொருள் வினைலில் புகைபடிந்தது போல மங்கலை உண்டாக்கும், அது கழுவினாலும் போகாது. அட்டை உறையை மட்டும் எக்காரணம் கொண்டும் எறியாதீர்கள். பூஞ்சணத்தை உலர்ந்த தூரிகையால் நீக்கி, தட்டை அதற்குள் வைக்காமல் அருகில் தனியாக வையுங்கள். உறை இல்லாத தட்டின் மதிப்பு பாதிக்கும் கீழே போய்விடும்.

பிறகு எங்கே வைப்பது? அந்தத் தகரப் பெட்டியில் வேண்டாம். கடற்காற்றில் அது துருப்பிடிக்கும், பகலில் சூடேறும், ஈரத்தை உள்ளே அடைத்து வைக்கும். வெளிச்சுவரோடு ஒட்டாத, தரையிலிருந்து சற்று உயர்ந்த மர அலுமாரியில் நேராக நிறுத்தி வையுங்கள். சாய்ந்து நின்றாலும் காலப்போக்கில் வளையும். நூறு எல்.பி.கள் உறையோடு ஏறத்தாழ 25 கிலோ எடை இருக்கும். பலகை அதைத் தாங்க வேண்டும். கறையானும் இராமபாணப் பூச்சியும் உறைகளைத் தேடி வரும் என்பதால் அலுமாரியின் பின்புறத்தை அடிக்கடி பாருங்கள். ஐப்பசி முதல் தை வரை காற்றின் ஈரப்பதம் 70 சதவீதத்தைத் தாண்டும் நாட்களில்தான் பூஞ்சணம் வேகமாகப் பரவும். அந்தக் காலத்தில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் வையுங்கள்; மாசி பிறந்ததும் ஒரு நாள் எல்லாவற்றையும் நிழலில் எடுத்துக் காற்றாட வையுங்கள்.

பிளேயரைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மலிவான சூட்கேஸ் பிளேயர்களில் பெரும்பாலானவற்றின் ஊசி 5 கிராம் அளவுக்கு அழுத்தும். நல்ல காட்ரிஜ் (ஊசி பொருத்திய சிறு பாகம்) கேட்பது 1.5 முதல் 2 கிராம் வரைதான். அந்த அழுத்தத்தில், வளைந்த தட்டில், தூசியோடு ஓடும் ஊசி, உயர்ந்த சுருதிகளைத் தேய்த்துவிடும். ஒருமுறை தேய்ந்தது திரும்பாது. ஊசி அழுத்தத்தைச் சரிசெய்யும் வசதியும் மாற்றக்கூடிய காட்ரிஜும் உள்ள பிளேயர் வேண்டும். இசைத்தட்டுக்கென்றே உள்ள ஃபோனோ இணைப்பு இல்லாத அம்ப்ளிஃபயரில் நேரே செருகினால் ஒலி மெலிந்து கேட்கும். இடையில் ஃபோனோ முன்பெருக்கி தேவை. ஷெல்லாக்கின் பள்ளம் எல்.பி.யினுடையதைவிட மிக அகலமானது. அதற்கு 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனுள்ள தனி ஊசி போட வேண்டும், எல்.பி. ஊசி பள்ளத்தின் அடியில் கிடந்து இரைச்சலைத்தான் எடுக்கும். பெரியப்பாவின் பழைய கிராமபோன் கிடைத்தாலும், அதன் இரும்பு ஊசியை எல்.பி.யில் வைக்காதீர்கள்.

பழைய அமெரிக்கப் பிளேயரை யாராவது விற்க வந்தால் இன்னொன்றையும் கவனியுங்கள். நம் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். அங்கே 60 ஹேர்ட்ஸ். வோல்ட்டை மாற்றும் கருவி வைத்தாலும், ஏ.சி. மோட்டார் உள்ள பிளேயர் 33⅓-க்குப் பதிலாக 28 சுற்றுக்கும் குறைவாக ஓடும். பாடுபவரின் குரல் தூங்கி வழியும்.

இனி பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே வழுவழுப்பான வளையம் ஒன்று இருக்கும். சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால் கீறிய எழுத்துகளும் எண்களும் தெரியும். தட்டின் பிறப்புச் சான்று அதுதான். உறையில் அச்சிட்ட ஆண்டு பதிப்புரிமையின் ஆண்டு மட்டுமே. 1959 என்று போட்டிருக்கும் தட்டு 1975-இல் அச்சானதாக இருக்கலாம். லேபிள் எண்ணையும் இந்தக் கீறல்களையும், இசைத்தட்டு விவரங்களைத் தொகுத்து வைத்திருக்கும் டிஸ்கொக்ஸ் இணையத்தளத்தில் தேடினால் எந்த அச்சு என்று பெரும்பாலும் தெரிந்துவிடும்.

ஜாஸ் தட்டுகளில் ப்ளூ நோட் என்ற நிறுவனத்தின் முத்திரை கண்டால் நிதானமாகப் பாருங்கள். 1939-இல் நியூயோர்க்கில் தொடங்கிய அந்த நிறுவனம் 1960களின் நடுப்பகுதியில் லிபர்ட்டி என்ற இன்னோர் இசைத்தட்டு நிறுவனத்தின் கைக்குப் போனது. லேபிளில் நியூயோர்க் வீதி முகவரி இருந்து, வளையத்தில் ஒலிப்பதிவாளர் ரூடி வான் கெல்டரின் முதலெழுத்துகளும் காது வடிவில் ஒரு குறியும் இருந்தால், அது லிபர்ட்டிக்கு முந்தைய அச்சு. லிபர்ட்டியின் பெயர் இருந்தால் பிந்தையது; ஒலி நன்றாகவே இருக்கும், விலைதான் வெகுவாகக் குறையும்.

நம் நாட்டுச் சேகரிப்புகளில் அமெரிக்க அச்சுகளைவிடப் பிரித்தானிய, இந்திய அச்சுகளே கிடைப்பது இயல்பு. அதனால் முத்திரைகள் மாறியிருக்கும். அமெரிக்காவின் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்கு அந்தப் பெயரைப் பிரித்தானியாவில் பயன்படுத்த அப்போது உரிமை இருக்கவில்லை. அங்கே அது அந்நாளில் ஈ.எம்.ஐ. நிறுவனத்தின் சொத்தாக இருந்தது. ஆகவே ஜாஸ் கலைஞர் மைல்ஸ் டேவிஸின் 1959-ஆம் ஆண்டு ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ அங்கே ஃபொண்டானா முத்திரையில் வந்தது. அதைப் போலி என்று யாரும் உங்களிடம் சொல்லிவிட முடியாது. சோல் இசையிலும் அப்படித்தான். அமெரிக்காவின் டெட்ரொயிட் நகரிலிருந்த மோட்டவுன் நிறுவனத்தின் பாடல்கள் பிரித்தானியாவில் பல முத்திரைகளில் சிதறி வெளிவந்து, 1965 மார்ச்சில்தான் டம்லா மோட்டவுன் என்ற தனி முத்திரைக்குள் வந்தன. அதற்கு முந்தைய ஸ்டேட்சைட், ஓரியோல் முத்திரைகளில் சோல் பாடல் ஏதேனும் இருந்தால் தனியாக எடுத்து வையுங்கள்.

திரைப்பட இசையில் கவனிக்க வேண்டியது வேறு. 1960களில் ஒரு படம் ஓடினால் அதன் இசையை வேறு குழுக்கள் மலிவாக வாசித்துத் தட்டாக்கினார்கள். அட்டையில் படத்தின் பெயர் பெரிதாக இருக்கும். உள்ளே இருப்பது மூல இசை அல்ல. ‘ஒரிஜினல் சவுண்ட்ட்ராக்’ (மூல ஒலித்தடம்) என்ற வாசகம் இருக்கிறதா என்று பாருங்கள். சோலும் திரையிசையும் கலக்கும் இடத்தில் தேவை மிக அதிகம்: 1971-இல் ஐசக் ஹேய்ஸ், 1972-இல் கேர்ட்டிஸ் மேஃபீல்ட் ஆகியோர் படங்களுக்கு அமைத்த இசைத்தட்டுகளைப் பிற்காலத்து ஹிப் ஹொப் கலைஞர்கள் துண்டு துண்டாக எடுத்துப் பயன்படுத்தியதால், புதிய தலைமுறையும் அவற்றைத் தேடுகிறது.

தமிழ்த் தட்டுகளைச் சிலர் ‘சாதாரண படப்பாட்டு’ என்று ஒதுக்குவார்கள். எனக்கு இதில் கடும் மறுப்பு உண்டு. 78 தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடம்தான் அடங்கும். அதனால் பாடல்களைச் சுருக்கினார்கள், இரு பக்கமாகப் பிரித்தார்கள், சில வேளைகளில் தட்டுக்கென்று தனியாகவே பாடிப் பதிந்தார்கள். படத்தில் இல்லாத சரணமோ வேறொரு வாத்தியமோ அந்தத் தட்டில் மட்டும் இருக்கலாம். கதை வசன எல்.பி.கள், 1980களில் வந்த இளையராஜா எல்.பி.கள், இலங்கைப் பொப்பிசைத் தட்டுகள் ஆகியவற்றைத் தேடுவோர் இன்று பல நாடுகளில் இருக்கிறார்கள். இணையத்தில் பாடல் கிடைக்கிறதே என்று இவற்றைக் கைவிட்டுவிடாதீர்கள்.

உறைகளுக்குள் இருக்கும் துண்டுக் கடதாசிகளையும் பாருங்கள். அமெரிக்க ஜாஸ் கலைஞர்களான டேவ் புரூபெக் 1958-இலும் டியூக் எலிங்டன் 1963-இலும் இலங்கைக்கு வந்து வாசித்தார்கள். ஜாஸ் கேட்ட ஒருவர் ஒரு நுழைவுச்சீட்டையோ நிகழ்ச்சி நிரலையோ உறைக்குள் செருகி வைத்திருக்கக்கூடும். விற்ற கடையின் முத்திரை, உரிமையாளரின் கையெழுத்து போன்றவற்றைச் சுரண்டி எடுக்காதீர்கள். 1957 வரை பிரித்தானியக் கடற்படைத் தளமாக இருந்த திருகோணமலையில், எந்தத் தட்டு யார் கையிலிருந்து எந்த வீட்டுக்கு வந்தது என்பதற்கு வேறு ஆதாரம் இருக்காது.

கொழும்பு நண்பருக்கு மரியாதையாகப் பதில் சொல்லுங்கள்: பட்டியல் தயாரான பிறகு பேசலாம் என்று. மொத்தமாக வாங்குபவர் பெட்டியில் உள்ள நான்கைந்து நல்ல தட்டுகளுக்காகத்தான் பெரும்பாலும் விலை சொல்கிறார். மற்றவை அவருக்குச் சுமை. ஒவ்வொரு தட்டுக்கும் பெயர், முத்திரை, எண், வளையத்தின் கீறல், உறையின் நிலை ஆகியவற்றை எழுதுங்கள். தரம் குறிக்கும்போது சர்வதேச முறையைத் தெரிந்துகொள்ளுங்கள். அதில் ‘குட்’ என்பது நல்ல தட்டு அல்ல. கரகரக்கும், தேய்ந்த தட்டு. ‘வெரி குட் பிளஸ்’ என்ற நிலைக்கு மேல் உள்ளவைதான் நல்ல விலை பெறும். விற்பவர்கள் கேட்கும் விலையைப் பார்க்காதீர்கள். உண்மையில் விற்றுமுடிந்த விலைகளை டிஸ்கொக்ஸ் காட்டுகிறது, அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் சிலவற்றை விற்க முடிவு செய்தால், பஸ்ஸின் சாமான் பெட்டியில் அனுப்ப வேண்டாம். வாங்குபவரை வீட்டுக்கு வந்து கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். நீங்களே கொண்டுபோக வேண்டியிருந்தால் இரவு ரயிலில், இருக்கைக்கு அருகில், நிறுத்திவைத்த நிலையில் எடுத்துச் செல்லுங்கள். தமிழ்த் தட்டுகளைக் கடைசிவரை பிரிக்காமல் ஒன்றாக வைத்திருங்கள். பட்டியலை எழுதி முடித்ததும், வளையக் கீறல்களின் தெளிவான படங்களோடு எனக்கு அனுப்பினால், எவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று தட்டுக்குத் தட்டு சொல்கிறேன்.