தொடவே பயமா?

கேள்வி: அமெரிக்காவில் வீட்டிலேயே துப்பாக்கி வைத்துக்கொள்கிறார்கள். நாமோ அதைத் தொடவே பயப்படுகிறோம். சிங்கப்பூர்த் தமிழனுக்கு வீரம் வற்றிவிட்டதா?
(ஈசூன் வாசகர் ஒருவர்)

பதில்: தொடவே பயமா? யாரைப் பார்த்துக் கேட்கிறீர்கள்? உங்கள் புளோக்கில் என்எஸ் என்ற கட்டாய தேசிய சேவையை முடித்த பையன் ஒருவனைக் கூப்பிட்டுக் கேளுங்கள். ராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தேக்கோங்கில் எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைக் கழற்றித் துடைத்துப் பூட்டிய கை அவனுடையது. காட்டில் படுத்தாலும் அது பக்கத்தில்தான் கிடக்க வேண்டும்.

என் காலத்தில் எம்-16. சுட்டு முடித்ததும் சட்டைப் பை, கால்சட்டைப் பை எல்லாவற்றையும் துழாவிக் காட்டி, லைவ் ரவுண்ட் (நிஜத் தோட்டா) இல்லை, பிளாங்க் (வெற்றுத் தோட்டா) இல்லை, காலித் தோட்டா உறையும் இல்லை என்று உரக்கச் சொல்ல வேண்டும். கணக்கில் ஓர் உறை குறைந்தால் போச்சு. அத்தனை பேரும் வெயிலில் மண்டியிட்டுப் புல்லைத் தடவுவோம். வெடித்து முடிந்த பித்தளைத் துண்டு, அதை வைத்து யாரையும் ஒன்றும் செய்ய முடியாது. ஆனாலும் அது கிடைக்கும்வரை லாரி நகராது. துப்பாக்கிக்கு எவ்வளவு பலம் என்று எனக்கு அங்கேதான் உறைத்தது.

அமெரிக்கர் கதை வேறு. அரசாங்கத்தின் நிரந்தரப் படையையே சந்தேகித்த தலைமுறை, 1791-இல் ஆயுத உரிமையை அரசியல் சட்டத்தில் எழுதிவைத்தது. தற்காப்புக்கு வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் அவர்கள் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. நாம் பட்டது வேறு. அறுபதுகளில் இங்கே துப்பாக்கி முனையில் கொள்ளை, ஆள்கடத்தல். 1973-இல் ஆயுதக் குற்றச் சட்டம் வந்தது. காயப்படுத்தும் நோக்கத்தில் சுட்டால், குண்டு யார்மீதும் படாவிட்டாலும் மரண தண்டனை. கடுமைதான். நான் அந்தச் சட்டத்தின் பக்கம்.

வீரம் என்கிறீர்களே, அதை உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது சினிமா. தீபாவளிக்குத் தீபாவளி நம் நாயகர்கள் இரண்டு கையிலும் துப்பாக்கியோடு சுவரொட்டியில் நிற்கிறார்கள். தோட்டா தீருவதில்லை. உறை பொறுக்க ஆளில்லை. சுருண்டு விழுந்தவனுக்கும் ஒரு தாய் இருப்பாள் என்ற நினைப்பே எந்த இயக்குநருக்கும் வருவதில்லை. இதை இந்தப் பக்கத்தில் பல முறை எழுதி ரசிகத் தம்பிகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் எழுதுவேன்.

சரி, நீங்கள் எந்த யூனிட்? அடுத்த கடிதத்தில் மறக்காமல் குறிப்பிடுங்கள்.