பலமாக அடிக்கும் டிரம்மருக்கு எந்த கிராஷ் சிம்பல் நீடித்து உழைக்கும்?

உங்கள் 16 அங்குல மெல்லிய கிராஷ் சிம்பலின் (டிரம்ஸில் ஓங்கி அடித்து ஒலியெழுப்பும் வட்ட உலோகத் தகடு) விளிம்பில் விரிசல் விட்டதால், அடுத்து மிகத் தடித்ததை வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம், 18 அல்லது 19 அங்குல விட்டமும் நடுத்தரத் தடிமனும் கொண்டதே உங்களுக்கு ஏற்றது, ஏனெனில் மிகத் தடித்த தகடு அடிக்கு வளைந்து கொடுக்காததால் அதிர்ச்சி விளிம்பிலேயே தங்கிவிடுகிறது, ஒலியும் தாமதமாகவே விரிகிறது. 80 பங்கு செம்பும் 20 பங்கு வெள்ளீயமும் கலந்த பி20 வெண்கலமானாலும் தவறான பொருத்தலைத் தாங்காது. ஸ்டாண்டின் மேல்திருகை இறுக்கிவிடாமல், விரலால் தள்ளினாலே சிம்பல் தாராளமாக ஊசலாடும்படி விடுங்கள். நடுத்துளையில் பிளாஸ்டிக் குழல் இல்லையென்றால் கம்பியின் மரை உரசி, வட்டத்துளை சாவித்துளைபோல் நீண்டு, அங்கிருந்தும் வெடிப்பு தொடங்கும். சிம்பலை உங்கள் பக்கம் சற்றே சாய்த்து, குச்சி விளிம்பை நேராகக் குத்தாமல் பக்கவாட்டில் வழுக்கிச் செல்லுமாறு அடியுங்கள்.