ஐந்தரைக்கு வீடு திரும்பும் வேலையை விடலாமா?

மேடம், எனக்கு வயது 34. கோவையில் ஒரு மில் ஆபீஸில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன், ஐந்து வருடம் முடிய இன்னும் இரண்டு மாதம். கையில் 36,000 வருகிறது. டேலி, ஜிஎஸ்டி, சம்பளப் பட்டியல் எல்லாம் தண்ணீர் பட்ட பாடு. ஐந்தரைக்கு வண்டியை எடுத்தால் ஆறு மணிக்கு மகளோடு ஹோம்வொர்க்கில் உட்கார்ந்துவிடுவேன். இப்போது சென்னையில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியின் கணக்குப் பிரிவில் வருடத்துக்கு 11 லட்சம் என்று ஆஃபர். மதியம் இரண்டு மணி ஷிஃப்ட், முடிய ராத்திரி பதினொன்று ஆகும். "இருக்கிறதை விட்டுட்டுப் பறக்கிறதுக்கு ஆசைப்படாதே" என்கிறார் அப்பா. மனைவியைக் கேட்டால் "உங்க இஷ்டம்" என்கிறாள், அதுதான் இன்னும் உறுத்துகிறது. தூக்கமே வரவில்லை.
- பெயர் வேண்டாம், கோவை

முதலில், 11 லட்சத்தைப் பன்னிரண்டால் வகுத்து மனதில் வைத்திருக்கும் 91 ஆயிரத்தை அழித்துவிடுங்கள். கம்பெனி கட்டும் பிஎஃப், கிராஜுவிட்டிக்கான (வேலையை விடும்போது தரும் பணிக்கொடை) தொகை, வேரியபிள் பே (கூடிக் குறையும் சம்பளப் பகுதி) எல்லாம் பெரும்பாலும் அதற்குள்ளேயே இருக்கும், கணக்குப் பார்ப்பவரான உங்களுக்கு இது தெரியாததல்ல, ஆனால் ஆஃபர் லெட்டர் கைக்கு வந்தால் யாருக்கும் கண் மறைக்கும். கையில் வருவது எவ்வளவு என்று எச்.ஆரிடம் எழுத்தில் வாங்கி, சென்னை வாடகையைக் கழித்துப் பாருங்கள். ஐந்து வருடம் முடியாமல் வெளியேறினால் கிராஜுவிட்டி கைவிட்டுப் போகலாம். உங்கள் நோட்டீஸ் காலமே அந்த இரண்டு மாதத்தை நிரப்பிவிடுமா என்று பாருங்கள். பிஎஃப் பணத்தை எடுக்காதீர்கள், புதுக் கணக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

சரி, பணம் போகட்டும். சம்பளம், ஷிஃப்ட், அப்பா, மனைவி என்று எல்லாம் எழுதிய நீங்கள் அங்கே என்ன வேலை செய்யப்போகிறீர்கள் என்று ஒரு வரி எழுதவில்லை. அதே இன்வாய்ஸை ராத்திரியில் உட்கார்ந்து பதிவதற்கா, இல்லை வேறு ஏதாவது கற்றுக்கொள்வதற்கா? அந்த டீமில் ஏற்கனவே இருக்கும் ஒருவரைப் பிடித்துப் பேசுங்கள், குறிப்பாக மாதக் கணக்கு முடிக்கும் நாட்களில் எத்தனை மணிக்கு வீட்டுக்குப் போகிறார் என்று கேளுங்கள். கற்க விஷயம் இருந்தால் போங்கள் என்பதுதான் என் கருத்து. இல்லையென்றால் இந்த ஆஃபரை வைத்து இப்போதைய முதலாளியிடம் சம்பளம் கூட்டிக் கேட்டுப் பாருங்கள்.

"உங்க இஷ்டம்" என்பதைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மகள் பள்ளியிலிருந்து வரும்போது நீங்கள் கிளம்பியிருப்பீர்கள், தெரியாத ஊரில் மாலை முழுக்க அவர்தான் தனியாகச் சமாளிக்க வேண்டும். போகலாமா வேண்டாமா என்று கேட்காமல், அந்த மாலை நேரத்தை எப்படி ஓட்டலாம் என்று கேளுங்கள், வாயைத் திறப்பார். முடிவெடுத்த பிறகும் வாரக்கணக்கில் தூக்கம் வராவிட்டால் டாக்டரைப் பாருங்கள். அப்பாவிடம் கடைசியாகச் சொன்னால் போதும்.