நோட்டீஸ் முடியாமல் வேலையை விடலாமா? வாசகர் கேள்வி பதில்

கே: அப்பாயின்ட்மென்ட் ஆர்டரில் 90 நாள் நோட்டீஸ் என்று இருக்கிறது. புதிய இடத்தில் 30 நாளில் சேரச் சொல்கிறார்கள். மேலாளரிடம் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டேன். 30 நாளானதும் நின்றுவிடலாமா?

ப: வாய்வார்த்தையை நம்பி நாட்களை எண்ணாதீர்கள். பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுத்தில் கொடுத்த தேதியிலிருந்துதான் நோட்டீஸ் ஓடத் தொடங்கும். இன்றே மெயில் அனுப்பிவிடுங்கள்.

அதற்கு முன் ஆர்டரில் உள்ள நோட்டீஸ் பத்தியை வரி வரியாகப் படியுங்கள். ‘நோட்டீஸ் அல்லது அதற்கு ஈடான சம்பளம்’ என்று இருந்தால், பணம் கொடுத்து முன்கூட்டியே விலக வழியுண்டு. அதோடு ‘நிறுவனத்தின் சம்மதத்தின் பேரில்’ என்றும் சேர்த்திருந்தால், பணம் தயாராக இருந்தாலும் அவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டும். இந்த ஒரு சொற்றொடரைக் கவனிக்காமல்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஈடுதொகை அடிப்படைச் சம்பளத்திலா, மொத்தச் சம்பளத்திலா என்பதையும் பாருங்கள். உங்களுக்குக் குறைவது 60 நாள். பாக்கி லீவு 18 நாள் இருந்து, அதைக் கழிக்க அனுமதித்தால் 42 நாள், அதாவது 1.4 மாதம். மொத்தச் சம்பளத்தில் கணக்கிட்டால் ஏறக்குறைய ஒன்றரை மாதச் சம்பளம் போய்விடும். அடிப்படைச் சம்பளம் 40 சதவீதமாக இருந்து அதில் கணக்கிட்டால், போவது மொத்தச் சம்பளத்தில் 0.56 மாத அளவுதான். இந்தத் தொகையைப் புதிய நிறுவனம் ஏற்கச் சம்மதித்தால், ஆஃபர் லெட்டரிலேயே எழுதி வாங்குங்கள்.

கடிதத்தில் காரணம் நீள வேண்டாம். “இன்று ராஜினாமா அளிக்கிறேன். 30 நாள் பணிபுரிந்து இன்ன தேதி மாலை விடுவிக்கக் கோருகிறேன். குறையும் 60 நாட்களில் 18-ஐ லீவில் கழித்து, 42 நாளுக்கான தொகையைச் செட்டில்மென்ட்டில் பிடித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்” என்பது போதும். அதன் நகலையும் சம்பள ஸ்லிப்புகளையும் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். கடைசி நாளில் ஆபீஸ் மெயில் முடங்கிவிடும். நிறுவனத்தின் வேறு எந்தக் கோப்பையும் அனுப்ப வேண்டாம்.

மேலாளர் மறுக்கப் பெரும்பாலும் ஒரே காரணம், வேலை நடுவில் நின்றுவிடுமே என்ற பயம். யாரிடம் எதை எந்தத் தேதிக்குள் ஒப்படைப்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். பணத்தைவிட அந்த ஒரு பக்கத்துக்குத்தான் பல மேலாளர்கள் இறங்கி வருவார்கள். நோட்டீஸ் நாட்களில் லீவு எடுத்தால் கடைசி நாள் தள்ளிப்போகும் என்ற விதி பல இடங்களில் உண்டு, ஜாக்கிரதை.

கே: பத்து நாளாக வேலைக்குப் போகவில்லை. எதுவும் எழுதிக் கொடுக்கவில்லை. கேஸ் போடுவோம், ஜெயில் என்று மிரட்டுகிறார்கள். லேப்டாப் என்னிடம் இருக்கிறது.

ப: முதலில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுங்கள். வேலையை விட்டது பொதுவாக ஒப்பந்தத் தகராறு மட்டுமே. ஆனால் நிறுவனத்தின் பொருளை வைத்துக்கொண்டால் கிரிமினல் புகாருக்கு நீங்களே இடம் கொடுப்பீர்கள். சீரியல் நம்பர் தெரியும்படி படம் எடுத்து, நேரில் ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குங்கள். முடியாவிட்டால் இன்ஷூர் செய்த கூரியரில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

ராணுவம் போன்ற பணிகளுக்குச் சட்டம் வேறு. சாதாரண வேலையில், விருப்பமில்லாதவரைத் தண்டனை காட்டி வேலை வாங்குவதைத்தான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1930-ஆம் ஆண்டு உடன்படிக்கை கட்டாய உழைப்பு என்கிறது. நிறுவனம் கேட்கக்கூடியது பணம்: நோட்டீஸ் ஈடு, பயிற்சி பாண்ட் (பயிற்சிக்குப் பின் இத்தனை காலம் வேலை பார்ப்பேன் என்ற ஒப்பந்தம்) இருந்தால் அதன் தொகை. இன்றே ராஜினாமாவை மெயிலிலும் ரசீது கிடைக்கும் தபாலிலும் அனுப்புங்கள். எழுத்தில்லாமல் நாள் கடந்தால் ‘சொல்லாமல் ஓடியவர்’ என்று பதிவாகும். அதை மாற்றுவது மிகக் கடினம்.

கே: மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. நான் நோட்டீஸ் பார்க்க வேண்டுமா?

ப: சம்பளம் தராதது ஒப்பந்தத்தை நிறுவனமே மீறியதாகும், உடனே விலக இதை ஒரு காரணமாகப் பல நாடுகளின் சட்டம் ஏற்கிறது. எந்தெந்த மாதப் பாக்கி என்பதைக் கடிதத்திலேயே எழுதுங்கள். ‘சொந்தக் காரணம்’ என்று எழுதிவிட்டால் பிறகு வாதாட இடமிருக்காது. வங்கி ஸ்டேட்மென்ட்டோடு அருகிலுள்ள தொழிலாளர் அலுவலகத்தை அணுகுங்கள்.

கே: ரிலீவிங் லெட்டர் (வேலையிலிருந்து விடுவித்ததற்கான கடிதம்) தர மறுக்கிறார்கள். புதிய இடத்தில் என்ன சொல்வது?

ப: நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ராஜினாமா மெயில், அதற்கு வந்த பதில், கடைசி மூன்று சம்பள ஸ்லிப், பொருட்களை ஒப்படைத்த ரசீது ஆகியவற்றைக் கொடுத்தால் பல ஹெச்.ஆர். ஏற்றுக்கொள்வார்கள். போலி லெட்டர் மட்டும் வேண்டாம். பின்னணிச் சரிபார்ப்பில் பழைய நிறுவனத்துக்கே மெயில் போகும். வேலையில் சேர்ந்து ஆறு மாதமாகியிருந்தாலும் நீக்கிவிடுவார்கள்.